பொறி படிக்கும் எழுத்து

'சிங்கப்பூர்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று தொடக்கப் பள்ளி மாணவனைக் கேட்டால், விரல் மடக்கி எண்ணி 6 என்பான். சி, ங், க, ப், பூ, ர் என அவன் பிரித்துக் காட்டுவதில் குறை காண யாராலும் இயலாது. அதே சொல்லைக் கணினியில் பொறித்து, 'சி' என்னும் கணினி மொழியில் எழுதிய சிறு நிரல் ஒன்றிடம் எண்ணக் கொடுத்தால் அது 33 என்கிறது. வேறொரு வகையில் எழுதிய நிரல் 11 என்கிறது. மூன்று விடைகளும் அவையவை கொண்ட கணக்கின்படி சரியானவையே. அளவுகோல்தான் வேறு. எழுத்து என்பதற்குப் பொறி கொண்ட அளவு எது, அது எங்கிருந்து வந்தது, தமிழெழுத்து அதனோடு எவ்வாறு மோதியது, அம்மோதலில் சிங்கப்பூருக்கு நேர்ந்த பங்கு யாது என்பன தமிழாசிரியர் அறிந்திருக்க வேண்டிய வரலாறாகும்.

சி மொழியில் எழுத்தை வாங்குவதற்கும் வெளியிடுவதற்கும் அடிப்படையான செயற்கூறுகள் இரண்டு உண்டு. ஒன்று 'கெட்சார்'. விசைப்பலகையிலிருந்தோ, சேமித்து வைத்த கோப்பிலிருந்தோ ஓர் எழுத்தைப் பெற்று வருவது அதன் வேலை. மற்றது 'புட்சார்'. கொடுத்த ஓர் எழுத்தைத் திரையிலோ கோப்பிலோ இடுவது அதன் வேலை. பெயரில் உள்ள 'சார்' என்பது எழுத்தைக் குறிக்கும் 'கேரக்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் தலைத்துண்டு. கெர்னிகனும் ரிட்சியும் எழுதி 1978இல் வெளிவந்த சி மொழிப் பாடநூல், தன் முதல் அதிகாரத்திலேயே இவ்விரண்டையும் கொண்டு ஒரு நிரலை அமைத்துக் காட்டுகிறது. உள்ளே வரும் எழுத்தை ஒவ்வொன்றாக வாங்கி, வந்தது வந்தபடியே வெளியே இடுவது. இடுவதற்கு ஒன்றும் இல்லாதபோது நிற்பது. இவ்வளவுதான் அந்நிரல். உலகில் நிரல் எழுதக் கற்றோருள் மிகப் பலர் இந்த வாயில் வழியே நுழைந்தவர்கள்.

இச்செயற்கூறுகள் சி மொழியைக் காட்டிலும் மூத்தவை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1972ஆம் ஆண்டளவில் சி மொழியை உருவாக்கினார். அதற்கு முன் அங்கே கென் தாம்சன் அமைத்த 'பி' என்னும் மொழி வழக்கில் இருந்தது. கெட்சாரும் புட்சாரும் அதிலேயே உள்ளன. பி மொழிக்கு எழுத்து என்றொரு தனி இனம் கிடையாது. எல்லாப் பொருளும் ஒரே அளவான பெட்டியில் இடப்படும். ஒரு பெட்டியில் நான்கு எழுத்து வரை திணிக்கலாம் என்றிருந்ததால், கெர்னிகன் எழுதிய பி மொழிப் பாடத்தில், உலகுக்கு வணக்கம் கூறும் ஆங்கிலத் தொடர் மூன்று துண்டாக நறுக்கப்பட்டு மூன்று பெட்டிகளில் கிடக்கும். வணக்கத்தையே வெட்டி வைத்தது வேடிக்கையானதே. பின்னர் வந்த பிடிபி-11 என்னும் கணினியில் பைட்டு ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருந்தது. அதற்கேற்ப ரிட்சி எழுத்துக்கெனத் தனி இனம் ஒன்றை வகுத்தார். ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்னும் உறவு இவ்வாறு நிலைபெற்றது.

ஒரு பைட்டு என்பது எட்டுப் பிட்டு. அதில் 0 முதல் 255 வரை 256 எண்களுள் ஏதேனும் ஒன்றை வைக்கலாம். கணினி அறிந்தது எண் ஒன்றே. எழுத்தின் வடிவத்தையோ ஒலியையோ அது அறியாது. இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று மனிதர் கூடி வகுத்த உடன்படிக்கையே அதற்கு எழுத்தைத் தருகிறது. அமெரிக்கர் 1960களில் வகுத்த 'ஆஸ்கி' என்னும் அட்டவணை அத்தகைய உடன்படிக்கை. அதில் 128 இடங்களே உண்டு. அவற்றுள் 33 இடங்கள் வரி மாற்று, மணி அடி என்பன போன்ற ஏவல்களுக்குப் போக, கண்ணுக்குரியவை இடைவெளி உட்பட 95. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண் 10, நிறுத்தக் குறி முதலியன எல்லாம் அதில் அடங்கிவிட்டன. ஆங்கிலேயனுக்கு எழுத்தும் பைட்டும் ஒன்றே என்று தோன்றியதில் வியப்பில்லை. அவன் வீட்டு அளவுக்குத் தைத்த சட்டை அது.

கெட்சார் பற்றிய நுட்பம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தொடக்க நிலை மாணவர் பலர் இடறி விழும் இடம் அது. தமிழுக்கும் அது தொடர்புடையது. கெட்சார் ஓர் எழுத்தைத் தருவதாகப் பெயர் பெற்றிருந்தும், அது திருப்பித் தருவது 'சார்' இனத்துப் பொருளை அன்று. 'இண்ட்' என்னும் பெரிய முழு எண்ணையே தருகிறது. ஏன்? ஏடு முடிந்துவிட்டது என்பதையும் அதே வாயிலாக அறிவிக்க வேண்டியுள்ளது. 256 எண்களும் எழுத்துக்கு உரியவையாகிவிட்டால் முடிவைச் சொல்ல எண் மிச்சமில்லை. ஆகவே எழுத்துகளுக்குப் புறம்பான ஓர் எண், பெரும்பாலும் -1, 'ஈஓஎஃப்' என்னும் பெயரில் முடிவுக் குறியாக வைக்கப்பட்டது. கெட்சார் தந்ததைச் சிறிய பெட்டியாகிய 'சார்' இனத்தில் வாங்கி வைத்தால், சில கணினிகளில் 255 என்னும் எழுத்தெண்ணும் -1 என்னும் முடிவுக் குறியும் ஒன்றாகிவிடும். ஏட்டின் நடுவே 255 வந்தால், ஏடு முடிந்ததென்று எண்ணி நிரல் நின்றுவிடும். வேறு சில கணினிகளில் முடிவே வராது; நிரல் ஓயாமல் ஓடும்.

ஆங்கிலம் மட்டும் எழுதுவோர் இத்தவற்றை ஆண்டுக்கணக்கில் செய்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். அவர்கள் எழுத்தெல்லாம் 127க்குள் அடங்கியவை. மேற்பாதியாகிய 128 முதல் 255 வரையில் குடியேறிய பிற மொழியாரின் ஏடுகளே இடையில் அறுபடும். எழுத்தா அன்றா என்று சோதிக்கும் செயற்கூறுகளும் இப்படியே. மேற்பாதி எண் குறை எண்ணாக மாறி அவற்றிடம் சென்றால், அட்டவணைக்கு வெளியே கை நீட்டிப் பொருளற்ற விடையை எடுத்து வரும். வீட்டைக் கட்டியவனுக்குத் தெரியாத ஒழுக்கு, பின்கட்டில் குடியிருப்பவனுக்கே தெரியும். தமிழ் நெடுங்காலம் அந்தப் பின்கட்டில்தான் குடியிருந்தது.

அதற்கு முன்னரும் பொறியோடு தமிழுக்கு வழக்கு இருந்தது. அவ்வழக்கிலும் சிங்கப்பூர் இடம் பெற்றுள்ளது. 1887இல் 'சிங்கை நேசன்' இங்கே ஈய அச்சில் வெளிவந்தது. ஈய அச்சுக்கு எழுத்தின் எண்ணிக்கை ஒரு தடையன்று. எத்தனை வடிவம் வேண்டுமோ அத்தனையும் வார்த்து, அறைப்பெட்டியில் நிரப்பிக்கொள்ளலாம். கோப்பவரின் கை நீளமும் நினைவும்தான் வரம்பு. வரம்பு வந்தது தட்டச்சுப் பொறியோடு. பொறியில் நாற்பத்தாறு விசை இருந்தால், விசைக்கு இரண்டாக 92 வடிவமே அமையும். தமிழோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துடையது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயாவுக்கும் பின் சிங்கப்பூருக்கும் வந்து பணியாற்றிய இராமலிங்கம் முத்தையா இச்சிக்கலை அவிழ்த்தவர்களுள் முதன்மையானவர். நகரா விசை என்பது அவர் கையாண்ட உத்தி. அவ்விசையைத் தட்டினால் குறி தாளில் விழும்; உருளை நகராது. பின்னர் எழுத்தைத் தட்டினால் அது குறிக்கு அடியில் வந்து பொருந்தும். 'க்' வேண்டுமானால் புள்ளியை முதலில் தட்டிப் பிறகு ககரத்தைத் தட்ட வேண்டும்.

புள்ளி முன்னும் எழுத்துப் பின்னும் என்பது எழுதுகோல் அறியாத முறை. எழுதுவோர் ககரத்தை எழுதிப் பின்பே புள்ளியிடுவர். இரும்பின் வசதிக்காகக் கை பழகிய வரிசை தலைகீழாயிற்று. தட்டெழுத்துப் பயின்றோர் விரல்களில் இவ்வரிசை ஊறிப்போய், கணினி வந்த பின்னும் விட மறுத்தது. 1978இல் தமிழக அரசு ஆணையிட்டுப் பின்னர் சிங்கப்பூரும் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம், ணா, றா, னா, ணை, லை முதலிய தனி வடிவங்களை நீக்கித் தட்டச்சின் சுமையைச் சிறிது இறக்கியது.

1980களில் தனியாள் கணினி வந்தது. கனடாவில் சீனிவாசன் 1984இல் 'ஆதமி' என்னும் மென்பொருளையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' என்னும் மென்பொருளையும் உருவாக்கினர். இவர்களும் இவர்களுக்குப் பின் வந்தோரும் கண்ட வழி ஒன்றே: ஆஸ்கி விட்டுவைத்த மேற்பாதியில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றுதல். மேற்பாதியில் இடம் 128. அதிலும் முதல் 32 இடங்களை ஏவல்களுக்கென ஒதுக்கும் மரபு உண்டு, எஞ்சியவை 96. புள்ளி பெற்ற மெய்க்கும், உகர ஊகார உயிர்மெய்க்கும் மட்டுமே 54 வடிவம் தேவை. கிரந்த எழுத்தும் வேண்டும். இடுக்கான வீட்டில் பாயை எப்படி விரிப்பது என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முடிவுக்கு வந்தனர். சிலர் கீழ்ப்பாதியில் இருந்த ஆங்கில எழுத்துகளையே அகற்றிவிட்டு அவ்விடத்தில் தமிழை வைத்தனர்.

விளைவை 1990களில் கணினி கொண்டிருந்த தமிழர் எவரும் மறந்திரார். ஒருவர் அகரம் வைத்த எண்ணில் மற்றொருவர் ளூகாரத்தை வைத்திருந்தார். சென்னையிலிருந்து வந்த மடலைச் சிங்கப்பூரில் திறந்தால், கொம்பும் குறியும் தலையில் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளின் கூட்டம் ஒன்று திரையில் நிற்கும். அனுப்பியவரிடமிருந்த எழுத்துரு பெறுபவரிடமும் இருந்தாலன்றி மடல் தமிழாகாது. இதழுக்கு ஓர் எழுத்துரு, நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு என்று பெருகி, ஒரே மொழியைப் பேசுவோர் ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்க முடியாத நிலை நேர்ந்தது. கெட்சார் அப்போதும் தவறின்றி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. எண் 180 வந்தால் 180ஐத் தந்தது. அந்த 180 எவ்வெழுத்து என்பதில் தமிழரிடம் உடன்பாடு இல்லை. குறை பொறியிடம் இருந்ததைவிட நம்மவரிடமே மிகுதியாக இருந்தது என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம்; உண்மை அதுவே. சீனரும் சப்பானியரும் பல்லாயிரம் எழுத்துகளை வைத்துக்கொண்டு தத்தம் நாட்டுக்குள் முன்னரே பொது அட்டவணை வகுத்துக்கொண்டனர். 247 எழுத்துடைய நாம் நாலா திசையிலும் நாற்பது அட்டவணை வைத்திருந்தோம்.

இந்நிலையை மாற்ற எழுந்தவர்களுள் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி குறிப்பிடத்தக்கவர். 1946இல் பிறந்த இவர் சிறுகதையும் புதினமும் எழுதியவர், ஆசிரியர், பின்னர் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியரைப் பயிற்றுவித்த விரிவுரையாளர். கணினித் துறையில் பட்டம் பெற்று வந்தவர் அல்லர். தமிழ் கற்பிக்கும் ஒருவர்க்குத் தோன்றக்கூடிய கேள்வியே அவருக்குத் தோன்றியது: வகுப்பறைக்குள் கணினி வரும்போது தமிழ் வெளியே நிற்க வேண்டுமா? அவர் உருவாக்கிய எழுத்துரு, விசைப்பலகை ஆகியவற்றுக்குச் சூட்டிய பெயர் 'கணியன்'. கணிப்பவன் என்னும் பொருளும், சங்கப் புலவர் ஒருவரின் நினைவும் ஒருங்கே அமைந்த பெயர் அது.

சிங்கப்பூருக்கு இதில் ஒரு தனிச் சூழல் வாய்த்தது. நான்கு மொழிகள் ஆட்சி மொழிகளாக உள்ள நாடு இது. சீனம் எழுதுவோர்க்கும் ஆஸ்கி போதாது. தமிழ் எழுதுவோர்க்கும் போதாது. ஆகவே இருவர் தேவையும் ஒரு கூடத்தில் சந்தித்தன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தில் இணைய ஆய்வுப் பிரிவை நடத்திவந்த உயிர்வேதியியல் அறிஞர் தான் டின் வீ, கோவிந்தசாமியோடு கைகோத்தார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏறியது. அதனை அந்நாள் அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்தார். இணையத்தில் முதன்முதலாகத் தோன்றிய தமிழ்ப் பக்கங்களுள் அதன் தமிழ்ப் பகுதியும் ஒன்று. ஒரு நாட்டின் தலைவர் முன்னிலையில், மற்ற மூன்று மொழிகளுக்குச் சமமாகத் தமிழ் அவையேறியது சிறிய செய்தியன்று. தமிழகத்தில் அன்று அதற்கு வாய்ப்பில்லை.

1997 மே மாதத்தில் தமிழ் இணையம் பற்றிய முதல் அனைத்துலகக் கருத்தரங்கு சிங்கப்பூரில் கூடியது. கூட்டியவர் கோவிந்தசாமி. எண்ணுக்கும் எழுத்துக்கும் பொது உடன்படிக்கை வேண்டும் என்னும் கருத்து அங்கே ஊன்றப்பட்டது. அதன் பிறகு, பல நாட்டுத் தமிழர் மின்மடல் வழியே வாதிட்டு 'டிஸ்கி' என்னும் எட்டுப் பிட்டு அட்டவணையை உருவாக்கினர். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்று, பழந்தமிழ் நூல்களை மின்னேட்டில் ஏற்றிவரும் 'மதுரைத் திட்டம்' அவ்வட்டவணையைக் கையாண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் விளைவாகத் 'தமிழ்99' விசைப்பலகையும், 'டாப்', 'டாம்' என்னும் இரு அட்டவணைகளும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. உடன்பாடு வேண்டிக் கூடியோர் ஒன்றுக்கு மூன்று அட்டவணையோடு எழுந்தனர் என்று ஏளனம் செய்தோரும் உண்டு. ஆயினும் நாற்பது மூன்றானது முன்னேற்றமே. அவ்வாண்டு மே மாதத்திலேயே கோவிந்தசாமி காலமானார். அகவை 53. 2000 ஜூலையில் மாநாடு மறுபடி சிங்கப்பூரில் கூடியபோது, 'உத்தமம்' என்று சுருங்க அழைக்கப்பெறும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் நிறுவப்பட்டது. அதைக் காண அவர் இல்லை.

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை வகுக்கும் முயற்சி வேறு திசையில் நடந்துகொண்டிருந்தது. அதுவே ஒருங்குறி எனப்படும் யூனிகோட். 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. இந்திய அரசு எல்லா இந்திய எழுத்துகளுக்குமாக வகுத்திருந்த அட்டவணையைத் தழுவியது அது. நாகரியில் உள்ள வர்க்க எழுத்துகளின் இடங்கள் தமிழில் வெறுமையாகக் கிடக்கும் காரணம் இதுவே. அங்கே 247 எழுத்துக்கும் தனி எண் இல்லை. உயிர்க்கு எண் உண்டு. க, ங, ச என அகரமேறிய மெய்க்கு எண் உண்டு. புள்ளிக்கும், கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளுக்கும் தனித்தனி எண் உண்டு. ககரத்தின் எண்ணையடுத்துப் புள்ளியின் எண் வந்தால் 'க்' ஆகும். வரிசை மறுபடி எழுதுகோல் வரிசையாயிற்று என்பதைக் கவனிக்கலாம். 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னே தோன்றினாலும், ஏட்டில் ககரத்தின் எண்ணே முன்னும் கொம்பின் எண் பின்னும் நிற்கும். தட்டச்சு வழி வந்த அட்டவணைகளில் இது மாறியிருந்தது.

தமிழறிஞர் பலர் இவ்வமைப்பை ஏற்கவில்லை. க் என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து க ஆகிறது என்பது இலக்கணம். இவர்களோ ககரத்தோடு புள்ளி சேர்ந்து க் ஆகிறது என்கிறார்கள்; தாயை மகளாகவும் மகளைத் தாயாகவும் ஆக்கிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். ஒலியை நோக்க இவ்வாதம் பொருந்தும். ஆனால் தொல்காப்பியர் ஒலியை மட்டும் கூறி விட்டுவிடவில்லை. எழுத்தின் வரிவடிவைக் கூறுமிடத்து, மெய்யின் இயல்பு புள்ளியோடு நிற்றல் என்றும், அப்புள்ளி நீங்கித் தன் உருவாகவே நிற்கும்போது அகரத்தோடு ஒலிக்கும் என்றும், ஏனை உயிரோடு உருவு திரிந்து ஒலிக்கும் என்றும் வகுத்துள்ளார். வரிவடிவைப் பொறுத்தவரை ககரம் வெற்றுரு. புள்ளி அதன்மேல் ஏறுவது. ஒருங்குறி எடுத்துக்கொண்டது இவ்வரிவடிவு நெறியை. ஆகவே, இலக்கணத்துக்கு முற்றும் முரண் என்று தள்ளுவதற்கில்லை. இலக்கணத்தின் ஒரு கூற்றை மட்டும் கொண்டது என்பதே நடுநிலையான தீர்ப்பாகும்.

மறுத்தோர் பக்கமும் வலுவான காரணம் உண்டு. அகரவரிசையை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியின் எண் வரிசையில் நகரத்தையடுத்து னகரமும், ரகரத்தையடுத்து றகரமும், லகரத்தையடுத்து ளகர ழகரங்களும் நின்று, வகரம் அவற்றுக்குப் பின்னே தள்ளப்பட்டுள்ளது. புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிற்பட்டது. எனவே 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னே போய் நிற்கிறது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் அகராதி நிலைகுலையும். தமிழ் வரிசைக்கெனத் தனி விதியைப் பொறிக்குக் கற்பித்தாக வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் எண் தரும் 'டேஸ்16' என்னும் அட்டவணையைச் சிலர் முன்வைத்தனர். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்று ஆணையிட்டது. எனினும் உலகக் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் ஒருங்குறியே பரவிவிட்டது. காலம் கடந்து வந்த நல்ல யோசனை என்று அதனைச் சொல்லலாம்.

இனி முதலில் கண்ட மூன்று விடைகளையும் பொருத்திப் பார்க்கலாம். ஒருங்குறியின் எண்கள் பெரியவை. ஒரு பைட்டில் அடங்கா. அவற்றைப் பைட்டுகளாகப் பகுத்து எழுதும் முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்தனர். பி மொழியைத் தந்த அதே தாம்சன்தான். 'யூடிஎஃப்-8' என்னும் அம்முறையில் ஆங்கில எழுத்துக்கு முன்போல் ஒரு பைட்டு. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. ககரம் 224, 174, 149 என்று மூன்று எண்ணாகும். புள்ளி 224, 175, 141 ஆகும். ஆகவே 'க்' என்னும் ஒரு மெய்யெழுத்தை வாங்கி வரக் கெட்சார் ஆறு முறை போய் வர வேண்டும். அரை மாத்திரைக்கு ஆறு நடை. சிங்கப்பூர் என்பதில் ச, இகரக்குறி, ங, புள்ளி, க, ப, புள்ளி, ப, ஊகாரக்குறி, ர, புள்ளி எனக் குறியெண் 11. பதினொன்றை மூன்றால் பெருக்க 33. கெட்சார் எண்ணுவது பைட்டை. ஆதலின் 33 என்கிறது. சி மொழியில் 1995இல் சேர்க்கப்பட்ட விரி எழுத்துச் செயற்கூறுகளைத் தக்கவாறு அமைத்துக் கையாண்டால் குறியெண்ணை எண்ணி 11 என்னும். ஆறு என்னும் விடையைப் பெற, புள்ளியையும் உயிர்க்குறியையும் எண்ணாது தாண்டிச் செல் என்று நிரலில் நாமே எழுத வேண்டும். விரல் மடக்கும் மாணவனுக்குத் தெரிந்த அவ்விதி பொறிக்குப் பிறவியில் இல்லை.

அவ்விதியை எழுதிய பின்னும் ஆசிரியர்க்கு வேலை உண்டு. ஔகாரத்தைப் பொறிப்போர் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகின்றனர். கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. பொறி அதை இரண்டெழுத்தாகவே கொள்ளும். 'கௌ' என்று எழுத நினைத்தவர் 'கெள' என்று எழுதி வைப்பதும் அப்படியே. பின்னால் யாரேனும் 'கௌதமன்' என்று தேடினால் அப்பெயர் அகப்படாது. 'கொ' என்பதன் ஒகரக்குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே எனக் கொள்ள வேண்டும் என ஒருங்குறி விதித்துள்ளது. அவ்விதியைப் பேணாத மென்பொருள்கள் உள்ளன. தமிழெழுத்தைக் கோக்கத் தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் அச்சிட்ட அறிவிப்புகளில், கொம்பு தன் எழுத்தை விட்டு அயலெழுத்தைப் பற்றிக்கொண்டு நிற்பதைச் சிராங்கூன் சாலையில் நடப்போர் எப்போதேனும் கண்டிருப்பர். எண் சரியாகவே இருக்கும். அதனை வடிவாக்கும் கையில்தான் பிழை. வாங்குவது செம்மையாக இருந்து வெளியிடுவது கெட்டுப்போகும் இவ்வகைப் பிழை, பலர் பார்வையில் படுவதால் தமிழுக்கே இழுக்காகிவிடுகிறது.

கைப்பேசியிலும் இதே கணக்கு வேறு உருவில் வந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலமானால் 160 எழுத்து செல்லும். தமிழானால் 70 குறியெண்ணே செல்லும். அதையும் பொருட்படுத்தாமல், முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழிலக்கிய நூல்கள் சுமார் 350 மின்வடிவம் பெற்று 2015இல் தேசிய நூலக வாரியத்தின் வழியே பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. ஆனால் 1990களில் தனித்தனி எழுத்துருக்களில் பொறித்து, அச்சேறாமல் வட்டுகளிலேயே தங்கிவிட்ட கதைகளும் பாடக் குறிப்புகளும் வேறு நிலையில் உள்ளன. அவற்றின் பைட்டுகள் அழியாதிருந்தாலும், எவ்வெண்ணுக்கு எவ்வெழுத்து என்னும் அட்டவணை தொலைந்திருந்தால் அவை தமிழ் அல்ல. பழைய வட்டுகளை வீட்டில் வைத்திருக்கும் எழுத்தாளரும் ஆசிரியரும் எழுத்துருவின் பெயரையேனும் அவற்றின் உறையில் குறித்துவைத்தல் நலம். மாற்றித் தரும் நிரல்கள் உள்ளன. எதிலிருந்து மாற்றுவது என்பது தெரிய வேண்டும்.

தான் டின் வீயின் குழுவினர் 1998இல் வேறொரு தடையில் கை வைத்தனர். இணையத் தளங்களின் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் சிறு கோட்டிலும் மட்டுமே எழுதலாம் என்றிருந்ததை மாற்றி, பிற மொழியெழுத்திலும் எழுத வழி கண்டனர். 2012இல் அவர் இணையப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். அம்முயற்சி வளர்ந்து அனைத்துலக ஏற்புப் பெற்றதன் பயனாக, 2011இல் இந்நாட்டுக்குரிய இணையப் பெயர் ஈறு சீனத்திலும் தமிழிலும் வழங்கப்பட்டது. தமிழில் அது 'சிங்கப்பூர்' என்பதேயாகும். முகவரியின் இறுதியில் புள்ளி வைத்து இச்சொல்லைத் தமிழிலேயே எழுதலாம். எனினும் பெயரேட்டைக் காக்கும் கணினிகள் பழைய உடன்படிக்கையின்படியே இயங்குகின்றன. ஆதலால் தமிழில் தட்டிய பெயர் வழியில் உருமாற்றப்பட்டு, எக்ஸ், என் என்னும் இரண்டு ஆங்கில எழுத்தும் இரண்டு சிறு கோடும் முன்னே நிற்க, தொடர்பற்றவை போலத் தோன்றும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகச் செல்கிறது. அக்கணினிகளில் உள்ள செயற்கூறு பைட்டுக்கு ஓர் எழுத்தாக அதை வாங்கிக்கொள்கிறது, தமிழைக் காண்பதில்லை. பயனரின் திரையில் மட்டும் அது மீண்டும் ஆறெழுத்தாகத் தோன்றுகிறது.